விரலளவு டார்ச்

களத்தில் நெல்லை மூட்டை பிடிக்கும்போதுதான் பரிமளா மூக்கைத் தடவினாள். சிவப்புக்கல் மூக்குத்தியைக் காணோம். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. கணவன் வேதகிரி புதிதாக வாங்கிய விரலளவு டார்ச்சை முழு வெளிச்சத்தில் வைத்து நெற்குவியலைத் துழாவினாள். அத்தனை நெல்லும் தங்கமாய் மின்னியது. பத்தே நிமிஷத்தில் வெளிச்சம் தானாக மங்கிவிட்டது.

"பகல் மாதிரி அடிக்கும்னியே, இன்னாய்யா இது?"

"ஃபுல்லா வெச்சா சார்ஜ் நிக்காதுமே. சின்னதுல வெச்சா விடிய விடிய எரியும்."

"எரிஞ்சி கிழிச்சுது!" என்று டார்ச்சைக் குவியல்மேல் எறிந்தாள். அந்த மங்கலில் நெல்லெல்லாம் மண்ணாய் அடங்கிப்போக, ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மின்னியது.

பரிமளாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மூக்குத்தியை முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னாள்:

"சின்னதுலயே வெச்சிருய்யா. திருகாணிய தேடணும்."