கயிறு பிடிக்கிறவனின் நாரி

சிலாவத்துறை முத்துக்குளிப்பில் ஆதம்பாவாவுக்கு ஒரே வேலைதான். கடலுக்கடியில் இறங்கும் மர்சூக்கின் கயிற்றைப் படகில் நின்று பிடித்திருப்பான். அது அசைந்தால் இழுத்துத் தூக்குவான். மர்சூக் அவனுடைய தங்கை ஆமினாவின் புருஷன். மனைவியின் சகோதரன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரை வழக்கம். தங்கை விதவையாவதற்கு எந்த அண்ணன் சம்மதிப்பான்?

அப்படிப்பட்டவனின் நாரி, அதுதான் அடியிடுப்பு, மர்சூக்கைக் கடலடிக்கு இறக்கும் குளிகல்லைத் தூக்கக் குனிந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. படகுக்காரர் அப்துல் ஹமீட் பார்த்தார்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கு அந்தப் புதுப் பெடியன் கயிறு பிடிக்கட்டும்."

புதியவன் படகில் ஏறினாலே தூங்கி வழிகிறவன். ஆதம்பாவாவுக்கு நாரியை விட அதுதான் குத்தியது.

முத்துக்குளிப்புக்காக அரசாங்கம் போட்டிருந்த ஆஸ்பத்திரி ஓலைக் கொட்டில்தான். தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் வந்தார்கள், வேண்டாமென்றுவிட்டான். தூக்கி வரப்படுகிற எவரையும் கேள்வி கேட்காமல், வாந்திபேதி தொற்றியவர்களை அடைத்து வைக்கும் பேதிக்கொட்டிலில் போடுவார்கள் என்பது முகாமில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு, தடி ஊன்றி நடந்தே போனான். அதுதான் பிழையாகப் போயிற்று.

டாக்குத்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நடந்து வந்தனீர்தானே? எண்ணெய் பூசிப் படுத்திரும். கொஞ்சக் காலம் பாரம் இழுக்கப் படாது."

"நாளைக்குக் கயிறு பிடிக்கோணும், ஐயா. என்ரை தங்கச்சி புருஷன் இறங்குறார்."

"இஞ்சை சாகக் கிடக்கிறவையளுக்கே இடமில்லை. போம்."

ஆதம்பாவாவுக்குத் தலை சுற்றியது. தூக்கிக்கொண்டு வந்தால் பேதி. நடந்து வந்தால் நோயே இல்லை. நாரி பிடித்த மனிதன் இந்த ஆஸ்பத்திரிக்கு எப்படித்தான் வருவது? தவழ்ந்தா?

போகத் திரும்பியவனிடம், எல்லோரிடமும் கேட்பதைப் போல டாக்குத்தர் கேட்டார்: "வாந்தி, வயித்தாலை போறது ஒண்டும் இல்லைத்தானே?"

முந்தைய நாள் ஒருவனுக்குப் பேதி என்று அவன் வந்த படகையே கரையில் கட்டிப் போட்டிருந்தார்கள். படகைக் கட்டினால் மர்சூக் இறங்க மாட்டான். அதற்கு மேல் ஆதம்பாவா யோசிக்கவில்லை.

"இருக்கு, ஐயா. ரண்டும் இருக்கு."

அதுவரை அவனைக் கண்ணெடுத்துப் பாராதவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். நாரிக்குக் கிடைக்காத பாய் வயிற்றுக்குக் கிடைத்தது. பேதிக்கொட்டிலில் சுண்ணாம்பு நெடியும் முனகலும். பக்கத்துப் பாயில் கிடந்தவன் ஓங்கரித்துக்கொண்டே இருந்தான். ஆனாலும் படகைக் கட்டிவிட்டார்கள் என்று காவல்காரன் சொன்னபோது ஆதம்பாவாவுக்கு மனம் குளிர்ந்தது. ஆமினா தப்பினாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு, வாசலில் காவல்காரன் யாரையோ மறிப்பது கேட்டது.

"உள்ளுக்குப் போனால் வெளியாலை விடமாட்டம். யோசிச்சுப் போ."

"என்ரை மச்சான் உள்ளுக்குக் கிடக்கிறார்."

மர்சூக்கின் குரல். ஆதம்பாவா எழும்பப் பார்த்தான், நாரி விடவில்லை. "வராதை மச்சான். எனக்குப் பேதி இல்லை, நாரி மட்டுந்தான். நான் பொய் சொன்னனான்."

மர்சூக் உள்ளே வந்துவிட்டான். கையில் கஞ்சிச் சட்டி. பாயோரம் குந்தி, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஓம், ஓம். பேதி வந்த எல்லாரும் இல்லையெண்டுதான் சொல்லுவினம். குடியுங்கோ."

"அல்லாவாணை, நாரிதான். போயிடு."

"எத்தினை தரம் என்னைத் தூக்கியிருப்பியள். நான் உங்களை விட்டிட்டுப் போவனோ?"

பக்கத்துப் பாய்க்காரன் மறுபடியும் ஓங்கரித்தான். மர்சூக் அவனுக்கும் கொஞ்சம் கஞ்சி கொடுக்கக் கை நீட்டினான். ஆதம்பாவா அந்தக் கையை எட்டிப் பிடித்து, தன்னால் ஆன மட்டும் இழுத்தான்.