இரண்டு குடம் தண்ணீர்

உடலைக் கட்டிலிலிருந்து மரப்பலகைக்கு மாற்றியபோது அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். இறந்தவரின் மனைவி, அவருடைய ஒரே மகன், அவருடைய அக்கா, பக்கத்து வீட்டுத் தச்சர், வாசலில் நின்ற வண்டியின் ஓட்டுநர். தலையை மகன் பிடித்தான். தோள்களைத் தச்சரும் ஓட்டுநரும் தாங்கினார்கள். மனைவி போர்வையைச் சரியவிடாமல் பிடித்துக்கொண்டாள். கால்களை அக்கா தூக்கினாள். அறுபத்தொன்பது வயதில் அவள் தூக்கியிருக்க வேண்டியதில்லை. விடுங்கள் என்று சொல்லும் தைரியம் மற்றவர்களுக்கு இல்லை. வேறு யாரும் அங்கே இல்லை. தாங்களும் கூட இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் அப்போது ஒன்பது மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருந்தார்கள்.

வெளியே மழை, அவசரமே இல்லாமல் பெய்துகொண்டிருந்தது.

அக்கா அன்று காலை ஏழு மணிக்குத்தான் வந்து இறங்கியிருந்தாள். குளிர்ப்பெட்டி வைத்த அந்த வண்டியிலேயே, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். தம்பியைத் திரும்பக் கொண்டுபோவதற்காக வந்திருந்தாள். அவர்கள் பிறந்து வளர்ந்த வறண்ட நகரத்தில், இடுகாட்டின் கிழக்குச் சுவரோரம் குடும்பத்தார் எல்லோரும் ஒரே வரிசையில் கிடக்கிறார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் விட்டுவைத்திருந்தது. சின்னத் தம்பி அங்கே ஆள் வைத்துக் கடப்பாரையால் குழி வெட்டிக்கொண்டிருந்தான். இங்கிருந்து பன்னிரண்டு மணிக்குள் வண்டி புறப்பட்டாக வேண்டும்.

அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. மூன்று வருஷத்துக்கு முன்னால், பணி ஓய்வு பெற்ற ஆறாவது மாதம், மழை அதிகம் பெய்கிற பச்சைப் பிரதேசமாகப் பார்த்துக் குடிபோகிறேன் என்று தம்பி சொன்னபோது அவள் குறுக்கே நின்றாள். மூன்று தலைமுறை ஒரே தெருவில் தலை நிமிர்ந்து இருந்த குடும்பம். ஓய்வுபெற்றவன் ஊரை விட்டுப் போனால், ஏதோ செய்துவிட்டு ஓடுகிறான் என்றுதான் நாலு பேர் நினைப்பார்கள். போவதானால் போ, அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன் என்றாள். சொன்ன சொல்லை மூன்று வருஷமும் காப்பாற்றினாள். முந்தின நாள் மத்தியானம் தம்பி மகன் தொலைபேசியில் அழுதபோதுதான் அது முடிவுக்கு வந்தது.

சாவில் சிக்கல் எதுவும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம். அறுபத்துமூன்று வயது.

வந்ததும் அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் ஆளுயரத்துக்குப் பாசி. ஓட்டின் இடுக்கில் செடி முளைத்திருந்தது. கொடியில் துணிகள் எத்தனை நாளாகவோ காயாமல் கிடந்தன. தீப்பெட்டியைத் தகர டப்பாவில் அடைத்து, டப்பாவை அடுப்புக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சை. கண்ணுக்கு ஓய்வு கொடுக்க ஒரு வெறும் நிலம்கூட இல்லை. உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கையால் துடைத்துப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது. இதற்காகவா, என்று நினைத்தாள்.

காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுத் தம்பி மனைவி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணி, அவர இங்கயே வச்சிரலாம். அவர் அப்படித்தான் சொன்னார்."

"எப்போ சொன்னான்?"

"போன மாசம்."

"எழுதி வச்சிருக்கானா?"

"இல்ல."

"வேற யார் கேட்டா?"

"நான் கேட்டது போதாதா அண்ணி?"

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். கையை நீட்டுவதற்கு முன்பே, பெட்டியில் யாரிடம் டிக்கெட் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த முகத்தில் பொய் இல்லை. அது தெரிந்தும் அவள் அசையவில்லை. உயிரோடு இருக்கிறவன் ஒரு நாள் ஏதாவது சொல்லியிருப்பான். குடும்ப வரிசையில் ஓர் இடம் காலியாகக் கிடந்தால், அதைப் பார்க்கிறவர்கள் தினமும் சொல்வார்கள்.

குளிப்பாட்டித் துணி மாற்றட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாள்.

அவளுக்கு அந்தத் தம்பியைப் பற்றி இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. நகரசபையில் அவனுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை. தோளுயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவான். சாலையில் இருக்கும் மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கித் திருப்புவான். தெருவுக்கு இருபது நிமிஷம். பிறகு மூடிவிட்டு அடுத்த தெரு. முப்பத்தொரு வருஷம் இதைச் செய்தான். ஊரில் அவனுக்குப் பெயரே வால்வு. வால்வு வந்துட்டான், குடத்தை எடு. வால்வு மூடிட்டான், பாவி.

அப்பா இறந்தது ஒரு கோடையில், விடியற்காலையில். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அன்று ஆறு மணிக்கு அவர்கள் தெருவின் முறை. தெருவே குடத்தோடு குழாயடியில் நின்றது. சாவு வீட்டுக்குக் கிடைத்தது இரண்டு குடம். இன்னும் பத்து நிமிஷம் விடச் சொல்லிப் பெரியவர்கள் கேட்டார்கள். அடுத்த தெருவில் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஆறு இருபதுக்கு அவன் மூடினான். அப்பாவை அந்த இரண்டு குடத்திலேயே குளிப்பாட்டி அனுப்பினார்கள்.

சொந்த அப்பாவுக்காகக்கூட ஒரு நிமிஷம் கூடுதலாகத் திறக்காதவன் என் தம்பி என்று அக்கா அதைச் சொல்லாத இடம் இல்லை. கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறாள். ரயிலில், டிக்கெட் இல்லாமல் கெஞ்சியவர்களிடம் அபராதச் சீட்டைக் கிழித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். வரும் வழியில் ஓட்டுநரிடமும் சொன்னாள். ஓட்டுநர் நல்ல மனிதன். ஆச்சரியப்பட வேண்டிய இடத்தில் ஆச்சரியப்பட்டான்.

பலகையைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய் வைத்தார்கள். தச்சர், கூரையிலிருந்து இறங்கும் குழாய்க்கு அடியில் இருந்த பீப்பாயிலிருந்து இரண்டு பெரிய வாளிகள் நிறைய மொண்டு வைத்தார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். யாரும் சொல்லாமலே ஒரு அகலப் பாத்திரத்தை எடுத்து, தண்ணீர் வடியும் இடம் பார்த்துப் பலகைக்கு அடியில் வைத்தாள். பிறகு அரைக் குவளை மொண்டு துணியை நனைத்து, நெற்றியிலிருந்து துடைக்கத் தொடங்கினாள். துணியைப் பிழிந்த தண்ணீரும் பாத்திரத்துக்குள்ளேயே விழுந்தது. கணக்காகச் செய்தாள். நெஞ்சுவரை வந்தபோது வாளியில் ஒரு விரல்கூடக் குறைந்திருக்கவில்லை.

"அண்ணி," என்றாள் தம்பி மனைவி, "அந்தத் தண்ணிய எதுக்குப் பிடிக்கிறீங்க?"

அக்கா குனிந்து பாத்திரத்தைப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் குளித்த தண்ணீர் துணிக்குப் போகும், துணிக்குப் போனது கழிப்பறைக்குப் போகும். கேள்வி கேட்கும் விஷயமே அல்ல அது.

தச்சர் சிரித்துவிட்டார். சாவு வீடு என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, தப்பா நினைக்காதீங்கம்மா என்று தொடங்கி விஷயத்தைச் சொன்னார். ஐயா குடிவந்த முதல் வாரம் நல்ல மழை பிடித்ததாம். ஐயா வீட்டிலிருந்த குடம், சட்டி, பால் பாத்திரம், டம்ளர்வரை எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பிவிட்டு நனைந்துகொண்டே அங்கும் இங்கும் ஓடினாராம். என்ன செய்கிறீர்கள் என்று தச்சர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார். பிடித்து வைக்கிறேன் என்றாராம்.

"யாருக்குனு கேட்டேன்மா. கொஞ்ச நேரம் அப்படியே நின்னார். அப்புறம் ஒவ்வொண்ணா கவிழ்த்துக்கிட்டே வந்தார். டம்ளர்வரைக்கும்."

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா துணியைப் பிழிந்தாள்.

"என் தம்பி ஒரு சொட்டுக்கூட வீணாக்க மாட்டான்," என்றாள் தச்சரிடம். "எங்கப்பா போன அன்னிக்கு..."

"அத விடுங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி.

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அக்காவின் பேச்சைப் பாதியில் நிறுத்தியதில்லை. மகன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

"அந்தக் கதைய நீங்க சொல்றப்பல்லாம் அவர் எழுந்து வெளிய போயிருவார். பாத்திருக்கீங்களா?"

"கூச்சப்படுவான். சின்னதுலேர்ந்தே தற்பெருமை பிடிக்காது அவனுக்கு."

"கூச்சம் இல்ல அண்ணி." அவள் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்குக் குளிப்பாட்டினப்ப மாமாவுக்குக் காதுக்குப் பின்னாடி சோப்பு இருந்துச்சாம். கழுவத் தண்ணி இல்லாம அப்படியே தூக்கினாங்களாம். இங்க வந்தப்புறம் பெரிய மழை பெஞ்சா அதத்தான் சொல்லுவார். வேற ஒண்ணும் சொல்ல மாட்டார். போன மாசமும் அதச் சொல்லித்தான், அப்பா பக்கத்துல போய்ப் படுக்க எனக்கு மூஞ்சி இல்ல, என்னை இங்கயே வச்சிருன்னார்."



சோப்பு இருந்தது. இடது காதுக்குப் பின்னால். குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தும் ஒரு சொட்டு வரவில்லை. துணியை மேலே இழுத்து அதை மறைத்தது அக்காதான். வேறு யாரும் பார்க்கவில்லை என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ தடவை எத்தனையோ பேருக்குச் சொன்ன கதையில், அந்த இடத்தை மட்டும் அவள் யாருக்கும் சொன்னதில்லை.

கூரைக் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பீப்பாய் நிரம்பி, வழிந்து, வாய்க்காலைத் தேடிப் போயிற்று.

அக்கா பலகைக்கு அடியிலிருந்த பாத்திரத்தைக் காலால் தள்ளினாள். துணியைக் கீழே வைத்தாள். வாளியை இரண்டு கையாலும் தூக்க முயன்றாள், முடியவில்லை. தச்சர் ஓர் அடி முன்னால் வந்தார். அவரை வேண்டாம் என்று பார்வையாலேயே நிறுத்திவிட்டு, தம்பி மனைவியைப் பார்த்தாள். இருவருமாகத் தூக்கினார்கள். முழு வாளியையும் தம்பியின் தலையிலிருந்து ஊற்றினார்கள். அடுத்த வாளியையும் ஊற்றினார்கள். தச்சர் மறுபடி நிரப்பிக் கொடுத்தார். அக்கா சோப்பைக் குழைத்துத் தம்பிக்குத் தேய்த்தாள். இரண்டு காதுகளையும் மடித்து மடித்துக் கழுவினாள். ஐந்து வாளி ஆயிற்று. ஆறாவது வாளிக்குத் தேவையே இல்லை, அதையும் ஊற்றினாள்.

துணி மாற்றி முன்னறையில் கிடத்தியபோது பத்தே முக்கால். சின்னத் தம்பி நாலாவது தடவையாக அழைத்தான். குழி தயார், அங்கே எல்லோரும் கேட்கிறார்கள், எப்போது கிளம்புகிறீர்கள்? மகன் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு அத்தையிடம் வந்தான். அவள் முகத்தைப் பார்த்து அவனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"அத்தை, இங்கயே வைக்கிறதா இருந்தா, மலைச்சாலை சரிஞ்சு அடைச்சுக்கிச்சுனு சொல்லிருவோம். இந்த மழைக்கு எல்லாரும் நம்புவாங்க. உங்க மேல ஒரு பேச்சும் வராது."

"முப்பது வருஷம் ஊரான் பொய்யக் கேட்டுச் சம்பளம் வாங்கினவடா நான்," என்றாள் அக்கா. "கடைசில என்னையே ஒண்ணு சொல்லச் சொல்றியா? இங்க குடு அத."

வாங்கிக் காதில் வைத்தாள். நிமிர்ந்து நின்றுதான் பேசினாள்.

"குழிய மூடிரு. அவன இங்க வைக்கிறோம். ஆமா, இங்கதான். யார் முடிவுனு கேட்டா என் முடிவுனு சொல்லு. ஏன்னு கேட்டா, அக்காகிட்டயே வந்து கேக்கச் சொல்லு."

மறுமுனையில் சின்னத் தம்பி நீளமாக ஏதோ சொன்னான். வரிசை என்றான், மானம் என்றான், அப்பா என்றான். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு வைத்துவிட்டாள்.

வாசலுக்குப் போய் ஓட்டுநரிடம் அவளே சொன்னாள். அவன் நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தான். பெட்டியைக் குளிரவைக்கத் தொடங்கிவிட்டேனே அம்மா என்றான். அணைத்துவிடு என்றாள். உள்ளே வந்து தம்பியின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அவன் போனான்.

அதற்குள் தெருவில் குடைகள் சேர்ந்துகொண்டிருந்தன. அவளுக்குத் தெரியாத முகங்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து, ஐயாவின் அக்காவா என்று கேட்டுக் கும்பிட்டார்கள். அங்கே அவனுக்கு வால்வு என்ற பெயர் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு எடுத்தார்கள். மண் மிருதுவாக இருந்தது, கடப்பாரை தேவைப்படவில்லை. மண் போடும்போது அக்கா குடைக்கு வெளியே நின்றாள். தம்பி மனைவி குடையை அவள் பக்கம் நீட்டினாள். பிறகு தானும் அதை மடக்கிக்கொண்டாள்.

அன்று மலைச்சாலை சரிந்து வழி அடைபட்டுவிட்டதால்தான் அவரை வரிசையில் சேர்க்க முடியாமல் போயிற்று என்று அந்த நகரத்தில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. சாலை திறந்திருந்தது. பகல் பதினொன்றரைக்கு அந்த வண்டி அதே சாலையில், காலிப் பெட்டியோடு, எங்கும் நிற்காமல் திரும்பிப் போயிற்று.