எதிர்மூலையில் குருவி

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்தில் தொடங்கியது. "வீட்ல யாரையாவது கவனிச்சு எழுதுங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு முதல்ல கண்டுபிடிங்க" என்றார் மாலை வகுப்பு ஆசிரியை. எங்கள் வீட்டில் கவனிக்கும்படி இருப்பவள் அக்கா. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். வேலை முடிந்ததும் குத்துச்சண்டைப் பயிற்சி.

முதல் வரி எழுதினேன்: அவளுக்குப் பதக்கம் வேண்டும்.

2

அந்த வரியை அவளிடம் படித்துக் காட்டினேன். வேர்ப்பதற்காக மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். (கயிற்றின் சத்தத்தை எதற்கோ ஒப்பிட்டிருந்தேன். அடித்துவிட்டேன். அது கயிறு மாதிரிதான் சத்தம் போட்டது.)

"பதக்கம் வேணும்னா என் எடையிலயே நின்னிருப்பேனேடி."

உண்மைதான். ஐம்பத்தொரு கிலோவில் இவளை அடிக்க ஆளில்லை என்று பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். இவளோ நாற்பத்தெட்டில் பெயர் கொடுத்திருக்கிறாள். நாளைக் காலை எடை பார்ப்பார்கள். துளி கூடினாலும் போட்டி கிடையாது. நேற்றிலிருந்து தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புகிறாள். விழுங்குவதில்லை.

"பின்ன எதுக்குக்கா இந்தப் பாடு?"

"அதுலதான குருவி இருக்கா."

3

குருவியை நான் முன்பே கொண்டுவந்திருக்க வேண்டும். அக்காவோடு பயிற்சி செய்தவள். ஒருத்தி கைக்கு இன்னொருத்தி துணிப்பட்டை சுற்றிவிடுவார்கள்.* போன வருடம் ஒருநாள், ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு பயிற்சிக்கூடத்துக்குப் போய்விட்டாள். ஏனென்றால்

ஏனென்றால் அக்கா எப்போதும்

விட்டுவிட்டேன். அக்காவுக்கே தெரியாத காரணத்தை நான் எங்கே போய்த் தேடுவது?

* இப்போது அக்கா பட்டையின் நுனியைப் பல்லால் இழுத்துத் தானே சுற்றிக்கொள்கிறாள். கதையே இந்த அடிக்குறிப்புதானோ என்று சந்தேகமாக இருக்கிறது.

4

"போன் பண்ணலாம்ல?"

"எடுக்க மாட்டேங்குறா. ரிங்ல எதிர்ல போய் நின்னா எங்க ஓடுவா?"

"வாயில அந்த ரப்பர் பல்ல மாட்டிக்கிட்டு என்னத்தக் கேப்ப?"

சிரித்தாள். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்க மாட்டேன். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கிளவ்ஸ இடிச்சுக்கணும்ல. அது போதும்."

"அப்புறம்?"

"அப்புறம் அடிப்பேன். நல்லாவே அடிப்பேன்."

"அடிக்கத் தெம்பு வேணாமா? ஃபேனைப் போட்டா பறந்துடுவ போல" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

5

முடிவு அ: முள் நாற்பத்தெட்டில் நிற்கிறது. கிளவ்ஸ் இடிக்கும்போது குருவி வேறு எங்கோ பார்க்கிறாள். (எழுதிவிட்டு அக்காவிடம் காட்டவில்லை.)

முடிவு ஆ: குருவியும் இவளைத் தேடி ஐம்பத்தொன்றுக்கு ஏறியிருக்கிறாள். ஆசிரியைக்குப் பிடிக்கும். எனக்கும் ஆசைதான், நம்பிக்கை வரவில்லை.

முடிவு இ: எடை எடுக்கும் இடத்துக்கு அக்கா

6

வேண்டாம். இப்போது நடப்பதை மட்டும் எழுதுகிறேன். சாப்பாட்டு மேசையில் அம்மா ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அத எடுத்துட்டுப் போடி."

எடுத்தால், நாளை அவள் குருவியின் முன்னால் நிற்பாள். எடுக்காவிட்டால் குடித்துவிடுவாள், இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள். வெடித்த அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு தங்கையால் இதைத் தீர்மானிக்க முடியவில்லை. நீங்கள் வெளியாள். டம்ளர் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.