ஏழு என்று எழுதிய கட்டம்

வருஷா வருஷம் மார்ச் மாதம் அமெரிக்க டாக்டர்களின் வெள்ளைக் கப்பல் பசிபிக் கடலின் ரோங்கெலாப் தீவுக்கு வந்துவிடும். அட்டையை எடுத்துக்கொண்டு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். தாரினஸின் அட்டையில் எண் முப்பத்துநான்கு. அமெரிக்கர்கள் சோதித்த அணுகுண்டு வெடித்து, வானத்திலிருந்து வெள்ளைப் பொடி கொட்டிய அன்று தீவில் இருந்தவள். இருபத்துநாலு வருஷமாக ரத்தம் கொடுக்கிறாள், கட்டி இருக்கிறதா என்று பார்க்கக் கழுத்தைக் காட்டுகிறாள். அலுத்துப்போய்விட்டது.

"கழுத்தைக் காட்டு அண்ணி" என்றான் ஜெபன். கொழுந்தன்தான் டாக்டர்களுக்கு மொழிபெயர்ப்பவன்.

"போன வருஷம் விட்ட எடத்துலயேதான்டா இருக்கு, பாத்துக்கோ."

இந்தத் தடவை டாக்டர் புதுசு. பழைய தாள்களைப் புரட்டியவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"உனக்கு ஏழு புள்ளையாம், ஏழும் நல்லா இருக்காம். கொடுத்து வெச்சவன்னு சொல்றாரு. பொடியால உன் பிள்ளைப்பேறுக்கு ஒண்ணும் ஆகலைன்னு தாளே சொல்லுதாம். இனிமே எத்தனை புள்ளைங்கிற கேள்வியே உனக்குக் கிடையாதாம்."

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் ஆகலையா? என் வயித்துல நாலு வந்துச்சு, நாலும் தங்கல. கடைசியா வந்ததுக்கு எலும்பே இல்ல. நீதானேடா குழி தோண்டின?"

ஜெபன் முழித்தான். "ஆமா... நீ ஏழுன்னுதானே சொல்லுவ?"

"பின்ன? லிமாரி பெத்த ஏழும் எனக்கு யாரு? அதுங்க என்னையும் அம்மான்னுதானே கூப்பிடுது?"

லிமாரி அவள் தங்கை. பொடி கொட்டியபோது வேறு தீவில் இருந்தவள். தங்கை பிள்ளை தன் பிள்ளைதான் என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் ஜெபனுக்கும் அது தப்பாகப் படவே இல்லை. அவள் ஏழு என்றாள், அவனும் ஏழு என்றே சொல்லிவந்தான்.

இப்போது டாக்டரிடம் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலைன்னு கேக்குறாரு."

"எத்தனை புள்ளைன்னு கேட்டீங்க. எத்தனையைப் பொதைச்சேன்னு யார் கேட்டா?"

டாக்டர் பேனாவை எடுத்தார். ஜெபன் தலையைச் சொறிந்தான்.

"உன் வயித்துல வந்தத மட்டும்தான் எழுதணுமாம் அண்ணி. ஏழுன்னு இருக்கறத அடிச்சாத்தான் நாலுன்னு எழுத முடியுமாம்."

தாரினஸ் அந்தத் தாளையே பார்த்தாள். ஏழு பேருக்கும் மூக்குச் சிந்திவிட்டவள், மீன் முள் எடுத்து ஊட்டியவள். அடிக்காவிட்டால் அந்த நாலும் வரவே இல்லை என்று ஆகிவிடும்.

"அடிக்கச் சொல்லு."

பேனா கட்டத்தில் இருந்த ஏழின் குறுக்கே ஒரு கோடு இழுத்தது. பக்கத்தில் நாலு என்று எழுதி, ஒன்றும் பிழைக்கவில்லை என்றும் எழுதினார். ஜெபன் படித்துக் காட்டினான்.

வெளியே, லிமாரியின் மூத்தவள் எம்லைன் சுட்ட ஈரப்பலாக்காயோடு நின்றிருந்தாள்.

"ஏம்மா இவ்ளோ நேரம்? என்ன கேட்டாங்க?"

"வழக்கமா கேக்குறதுதான். எத்தனை புள்ளைன்னு."

"ஏழுன்னு சொல்லிட்டு வர இவ்ளோ நேரமா?"

தாரினஸ் ஈரப்பலாவை வாங்கி வாய் நிறையத் திணித்துக்கொண்டாள்.