முப்பத்தாறாவது சுற்று

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்றைக்கே உதிரட்டும். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நடந்தது நடந்தபடி.

அது சின்ன ஊர். எவ்வளவு சின்னது என்றால், வருகிறவர்களை வரவேற்கும் பலகையும் போகிறவர்களை வழியனுப்பும் பலகையும் ஒரே பலகைதான். முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. ஊருக்கு இருப்பது வட்டமாக ஒரே தெரு. அதில் ஒரு லாரி போனால் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிஞ்சும். அந்த வட்டத்தில் ஒரு பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்று காலையிலிருந்து இரவு வரை சுற்றிக்கொண்டே இருக்கும். பஸ் டிரைவர் இருபத்திரண்டு வருஷமாக ஒரு நொடிகூடத் தாமதித்தவர் இல்லை. ஊரில் யாரும் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. கட்டினால் அவரைச் சந்தேகப்படுவதாகிவிடும். தபால் நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தைக்கூட, பஸ் கடக்கும்போது குமாஸ்தா நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் தள்ளி வைப்பார்.

இந்த ஊருக்குத்தான் ஸ்டோர்கீப்பர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராகக் கிடங்குகளில் சாமான் அடுக்கியவர். மனைவி தபால்துறையில். ஏழு வருஷத்தில் இது அவளுக்கு ஐந்தாவது மாற்றல். இந்த முறை போஸ்ட்மாஸ்டராக. கணவர் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்துவிட்டார். மூட்டை கட்டுவதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று முப்பத்தேழு உருப்படிக்கும் சீட்டெழுதி எண் ஒட்டியிருந்தார். பழைய மாற்றல்களின் சீட்டுகளையும் அவர் கிழித்ததில்லை. எப்படியும் திரும்பக் கட்டப்போகிறோம், எதற்குக் கிழிப்பானேன் என்பது அவர் கட்சி. அந்த வீட்டு முக்காலிக்கு மரத்தைவிடச் சீட்டு கனம்.

லாரி பதினொன்று ஐந்துக்குப் புது வீட்டு வாசலில் வந்து நின்றது. மனைவி கையை நீட்டினாள்.

"என்னங்க, ஆர்டர குடுங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சேரணும். இல்லன்னா இந்த இடத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"பத்திரமா இருக்கு."

"பத்திரமா எங்க இருக்கு?"

"பீரோ லாக்கர்ல."

லாரியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்த அவள் அண்ணன் திரும்பிப் பார்த்தான். "மாப்ள, பீரோ எத்தனாம் நம்பரு?"

"ஒண்ணு. முக்கியமானத மொதல்ல ஏத்திட்டேன்."

"அப்ப கடைசியா எறங்கும்."

ஸ்டோர்கீப்பர் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் அவர் ஏற்றுவதில்தான் பெயர் வாங்கியவர். இறக்குவது வேறு பிரிவு. பீரோ லாரியின் தலைமாட்டில், கதவு உள்பக்கம் பார்த்து நின்றது. அதற்கு முன்னால் முப்பத்தாறு உருப்படிகள், நடுவில் ஒரு கரப்பான்பூச்சி மூச்சுவிட இடமில்லாமல்.

அப்போது பின்னால் ஹாரன் கேட்டது. வீட்டுக்குச் சற்றுப் பின்னால்தான் பஸ் நிறுத்தம். அங்கே பஸ் ஒரு நிமிஷம் நிற்கும், அப்புறம் கிளம்பிவிடும். லாரி டிரைவர் கியரைப் போட்டார்.

"என்னப்பா கெளம்புற? ஒண்ணுதான எறக்கியிருக்கோம்?"

"சார், அவர் லேட்டானா ஊரே லேட்டு. அந்தப் பாவம் எனக்கு வேணாம். ஒரு சுத்து சுத்தி வருவோம்."

இப்படித்தான் ஆரம்பித்தது. சுற்றுக்கு ஒரு நிமிஷம், நிமிஷத்துக்கு ஓர் உருப்படி. அண்ணன் வாசலில் நின்று வாங்கினான். ஸ்டோர்கீப்பரும் ஆறு வயது மகளும் லாரிமேல். மனைவி தபால் நிலையத்தில் இறங்கிக்கொண்டாள். ஆர்டர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று குமாஸ்தா மரியாதையாகச் சொல்லி ஒரு பெஞ்சைக் காட்டினார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை லாரி அந்த ஜன்னலைக் கடந்தது.

"எடுத்தாச்சா?"

"இன்னும் முப்பத்துநாலு."

அடுத்த சுற்று.

"எடுத்தாச்சா?"

"முப்பத்துமூணு. நீ டென்ஷன் ஆகாத."

"நான் ஆகல. பெஞ்சுதான் ஆடுது."

மகள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இது ரொம்பப் பெரிய ஊருப்பா. எவ்ளோ தெரு. எல்லாத் தெருவுலயும் ஒரே மாதிரி முடிவெட்டுறவர் இருக்கார்."

முடிவெட்டுபவர் முதல் சுற்றில் முறைத்தார். மூன்றாவதில் தலையசைத்தார். ஆறாவதில், "மத்தியானம் சாப்டீங்களா?" என்றார். சாப்பாட்டுக்கடைக்காரர் ஒரு சுற்றில் தட்டைக் கொடுத்தார், அடுத்ததில் சாப்பாட்டை, அதற்கடுத்ததில் தட்டைத் திருப்பிக் கேட்டார். பதினைந்தாவது சுற்றில் மருந்துக்கடைக்காரர் தன் மருமகனைப் பற்றிய மனக்குறையைச் சொல்லத் தொடங்கி, இருபத்தொன்றாவதில் முடித்தார். வேறு ஊரில் இத்தனை முகங்களை இத்தனை முறை பார்க்க ஒரு வருஷம் பிடித்திருக்கும்.

ஆனால் ஸ்டோர்கீப்பருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. விட்டுவந்த வீட்டில் காலையிலேயே வேறு குடும்பம் பால் காய்ச்சியாகிவிட்டது. அஞ்சு மணி தவறினால் இந்த ஊரும் இல்லை, அந்த ஊரும் இல்லை. இந்த லாரிதான் முகவரி. போதாததற்குக் கட்டில் குறுக்கே மாட்டிக்கொண்டு நான்கு சுற்றுகளைத் தின்றது.

"மாப்ள," என்றான் மச்சான், கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தொங்கியபடி, "இத உள்ள வச்சுட்டுத்தான் லாரியச் செஞ்சாங்களா?"

முப்பத்தாறாவது சுற்றில் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி நாலு ஐம்பத்தைந்து. லாரியில் இன்னும் ஐந்து எண்கள். அடுத்துப் பஸ் தபால் நிலையத்தைக் கடக்கும்போது ஐந்து. கடையை மூடத் தயாராக நின்ற முடிவெட்டுபவர் கையைத் தட்டினார்.

"சார், சீக்கிரம். அஞ்சு மணி உங்க பின்னாலயே வந்துட்டிருக்கு."

ஸ்டோர்கீப்பர் திரும்பிப் பார்த்தார். வாஸ்தவம்தான். அஞ்சு மணி பச்சைப் பெயின்ட் அடித்து, ஜன்னலோரம் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பத்தடி பின்னால் நின்றிருந்தது. அதற்கு முன்னால் லாரி. இரண்டு பக்கமும் ஒரு சாண்.

காலையிலிருந்து எதைக் கண்டு ஓடுகிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"டிரைவர், வண்டிய ஆஃப் பண்ணுங்க. சாவிய எங்கிட்ட குடுங்க."

ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு பஸ் டிரைவரே இறங்கி வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பொத்தான் கழுத்துவரை.

"இருபத்திரெண்டு வருஷம், சார்," என்றார்.

"அண்ணே, நீங்க லேட்டே இல்ல. நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் இந்த ஊர்ல யாருக்கு அஞ்சு மணி ஆகும்?"

பஸ் டிரைவர் யோசித்தார். யோசிக்க நேரம் கிடைத்தது அவருக்கு இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பிறகு வாசலில் கிடந்த ஒன்பதாம் எண் முக்காலியில் உட்கார்ந்து, மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

"டீ கெடைக்குமா?"

அதன் பிறகு அவசரமே இல்லை. தையல் மெஷின், ட்ரங்குப்பெட்டி, தண்ணீர்ப் பீப்பாய், புத்தக மூட்டை என்று ஒவ்வொன்றாக இறங்கின. ஊரில் நாலு ஐம்பத்தைந்து அப்படியே நின்றது. முடிவெட்டுபவர் கடையை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் ஷட்டரைப் பிடித்தபடி நின்றார். எதிர்வீட்டு அடுப்பில் பால் பொங்கலாமா வேண்டாமா என்று விளிம்பில் காத்திருந்தது. சூரியன் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு கையை ஊன்றி இளைப்பாறியது.

பீரோவைத் திருப்பித் திறந்தார்கள். லாக்கருக்குள் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் துணிப்பை, துணிப்பைக்கு ஏழு முடிச்சு.

"மாப்ள, இது ஆர்டரா, கிரீடமா?"

ஏழாவது முடிச்சு அவிழ்ந்தது. லாரி கிளம்பியது, பின்னாலேயே அஞ்சு மணியும் கிளம்பியது. தபால் நிலையத்து ஜன்னலில் மனைவி எழுந்து நின்றாள்.

"எடுத்தாச்சா?"

அவர் காகிதத்தை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கவும் பஸ் கடக்கவும் சரியாக இருந்தது. குமாஸ்தா நாற்காலிமேல் ஏறி முள்ளைப் பார்த்தார். சரியாக ஐந்து. ஊர் முழுக்கப் பால் பொங்கியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி சொன்னாள்: "அடுத்த மாத்தல் ஆர்டர் எங்கையிலதான் இருக்கும். சொல்லிட்டேன்."

அவர் தலையாட்டினார். வழியில் ஒன்பது பேர் அவரை நிறுத்திப் பேசினார்கள். ஒருவருக்கும் அவர் புதியவர் இல்லை. வீட்டுக்குள் போனதும் முக்காலியைக் கவிழ்த்துவைத்து, நகத்தால் சீட்டுகளைச் சுரண்ட ஆரம்பித்தார். ஒன்பதாம் எண் வந்தது, அதற்கடியில் பதினான்கு, அதற்கடியில் ஆறு. விளக்கேற்றும் நேரத்தில் மரம் தெரிந்தது.

நீங்கள் போய்ப் பார்த்தால் அந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு தெரு, அது முட்டுச்சந்து. என் மூன்று பற்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.