பாலத்துக் கசம்

ஆட்டுப் புழுக்கையோடு பிழைப்பு நடத்துகிறவளுக்கு நாற்றம் ஒன்றும் புதிதில்லை. உரத்துக்காக ஆடுகளை மடக்கிக் கிடை போட்ட வயலிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் என் வாசலில் வந்து நின்ற நாற்றத்தை நினைத்தால் இப்போதும் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

இந்த வருஷக் கோடை எங்களைப் பிழிந்து போட்டுவிட்டது. எங்கள் ஊர் ஆறு எப்போதுமே பெரிய ஆறு கிடையாது. சங்கரன்கோவில் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டுகிறவர்கள் அதை ஓடை என்றுதான் நினைப்பார்கள். ஆனாலும் சித்திரை வெயிலில்கூட ஓர் ஓரமாகக் கணுக்கால் தண்ணீர் ஓடும். இந்தத் தடவை மலையில் மழையே இல்லை. மாசியிலேயே ஆறு நின்றுபோனது. கரையெல்லாம் சீமைக்கருவேலை, நடுவில் வெறும் மணல். பாலத்துக்குக் கீழே இருக்கிற கசத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. ஆற்றுக்குள் ஆழமாக இருக்கும் பள்ளத்தை நாங்கள் கசம் என்போம்.

எங்கள் செம்மறிகளுக்கு அந்தக் கசம்தான் கதி. மந்தையில் பாதி சினை. வீட்டுக் குழாயில் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் வந்தால் பெரிய விஷயம். தோட்டக்காரர்கள் தொட்டியில் ஆட்டை வாய் வைக்க விடுவதில்லை. அவர்கள் கிணறும் தரை தட்டிக் கிடக்கிறது, என்ன செய்வார்கள்? ஆறு வற்றிவிட்டால் கசத்துத் தண்ணீர் வாயில்லாத ஜீவன்களுக்கு என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம். யாரும் மோட்டார் வைக்கமாட்டார்கள். துணிகூடத் துவைக்கமாட்டார்கள்.

அந்தக் கசத்து மீனைத்தான் அம்மன் கோவில் கொடைத் திருவிழாக் கமிட்டி ஏலம் விட்டது. கொடைக்கு ரேடியோ செட்டும் சீரியல் லைட்டும் பக்கத்து ஊரைவிடத் தூக்கலாக இருக்க வேண்டுமாம். ஏலம் எடுத்தவன் வெங்கடேஷ், மெயின் ரோட்டில் பிராய்லர் கடை வைத்திருப்பவன். கமிட்டியில் என் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டியும் ஓர் ஆள்.

"வலையப் போட்டுப் பிடிச்சிட்டுப் போயிருவான். தண்ணியத் தொடமாட்டாம்ட்டி, நான் பேசிட்டேன்" என்றார்.

"தொட்டான்னா?"

"தொட்டா நான் சும்மா இருப்பனா? சினையாடு தவிச்சிக் கெடக்க, நமக்கு என்ன கொடை வேண்டிக் கெடக்கு?"

நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் ஆடுகளைப் பத்திக்கொண்டு ஆற்றில் இறங்கும்போதே டீசல் இன்ஜின் சத்தம் கேட்டது. வெங்கடேஷ் கசத்துக்குள் ஹோஸைப் போட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். யாருடைய பயிருக்காவது பாய்ந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தண்ணீர் சும்மா மணலில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடம் தெரியாமல் மணல் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏல வெங்கடேஷ், இன்ஜின நிப்பாட்டு. ஆடு தண்ணி குடிக்கணும்."

"வலையப் போட்டா வெராலு சேத்துக்குள்ள பதுங்கிரும் மதினி. எறைச்சாத்தான் கைக்கு ஆப்புடும். மழ இந்தா வந்துரும், போன்லயே போட்டிருக்கான்" என்று சிரித்தான்.

ஊரே வாளியும் குண்டானுமாகக் கரையில் நின்றது. தண்ணீர் இறங்க இறங்க வெள்ளைச் சாக்குகள் தலை காட்டின. ஒன்று கிழிந்து கோழி இறகும் குடலும் கருப்பாக வழிந்தன. அது யார் கடைச் சாக்கு என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அதைத் தின்றுதான் மீன் அப்படிக் கொழுத்திருக்கிறது என்றும் தெரியும். பக்கத்து வீட்டுப் பூமாரி ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் வாளியை நீட்டினாள்.

"இதையா திங்கப் போற?" என்றேன்.

"புளியக் கூடக் கொஞ்சம் கரைச்சி ஊத்திக் கொதிக்கவச்சா எல்லாம் செத்துரும்க்கா."



சேற்றுக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து துழாவிக்கொண்டிருந்த ஓர் ஆள் நிமிர்ந்தார். என் வீட்டுக்காரர். கையில் ஒரு விரால் துள்ளியது. என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற ஆடுகளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் குனிந்துகொண்டார்.

ஆடுகள் கசத்துக்கு ஓடின. சேற்றை மோந்து பார்த்துத் தும்மிக்கொண்டு பின்வாங்கின. மூத்த சினையாடு மட்டும் தவிப்புத் தாங்காமல் உள்ளே இறங்கி முழங்கால்வரை புதைந்துபோனது. நான்தான் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தேன். அது கத்தக்கூட இல்லை. அதன் நாக்கில் சேறு அப்பியிருந்தது.

வீட்டுக்குப் பத்திக்கொண்டு வந்தேன். டிரம்மில் இருந்ததை அண்டாவில் சாய்த்தேன், போதவில்லை. குடங்களைக் கவிழ்த்தேன். குடிக்க வைத்திருந்த பானையையும் தூக்கி ஊற்றினேன். ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு குடித்தன. எனக்கென்று ஒரு செம்பு கூட மிச்சம் இல்லை. குழாயில் தண்ணீர் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாளைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் வந்தார். தலையிலிருந்து கால்வரை கருஞ்சேறு. அந்த நாற்றம் தெருமுனையிலேயே அவருக்கு முன்னால் வந்துவிட்டது. கையில் பனைநாரில் கோத்த இரண்டு விரால், இன்னும் உயிரோடு.

"ஏட்டி பொன்செல்வி, கமிட்டிக்காரங்களுக்குன்னு பெருசாப் பாத்துக் குடுத்தான். குழம்பு வையி. குளிக்கத் தண்ணி எடுத்து வச்சிரு, ஒடம்பெல்லாம் பிசுபிசுங்குது" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. அவரே கொல்லைக்குப் போனார். டிரம்மைத் தட்டும் சத்தம் கேட்டது. குடங்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார்.

"தண்ணி எங்கட்டி?"

"ஆட்டுக்கு ஊத்திட்டேன்."

"எல்லாத்தையுமா? மீன எப்படிக் கழுவ? நான் எப்படிக் குளிக்க?"

அவர் கையில் விரால் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஆத்துல போயிக் குளிச்சிட்டு வாங்க" என்றேன். "அப்படியே நாளைக்கு ஆட்டுக்குத் தண்ணி கெடக்கான்னும் பாத்துட்டு வாங்க."