நான்காம் நிமிடத்து ரொட்டி

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதினான்காம் நாள், திங்கட்கிழமை காலை, ஊர் ஊராகச் சென்று படமெடுத்து வெளியிடுவதைத் தொழிலாகக் கொண்ட ஓய்தின் என்னும் இருபத்தொன்பது வயதுப் பெண், மர்கிலான் நகரத்துத் தன் வீட்டில், முந்தைய நாள் மாலை தான் வெளியிட்ட காணொளியின் கீழ்ப் பதினோராயிரம் பேர் கருத்து எழுதியிருப்பதைக் கண்டாள். வழக்கமாக எழுதுவோர் இருநூறு பேருக்கு மேல் போவதில்லை. அவர்களும் ஒரு ரோஜாப்பூ, ஓர் இதயம், ‘மாஷா அல்லா, நம் நாடு எவ்வளவு அழகு’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான்கு ஆண்டுகளாக அவள் அறிந்திருந்த கூட்டம், கல்யாண வீட்டு வாசலில் தலையசைத்துவிட்டு உள்ளே போகாமல் கடந்து செல்லும் கூட்டம். அது ஒரே இரவில் எதற்காக வாய் திறந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. தேநீர் ஆறுவதையும் கவனிக்காமல் படிக்கத் தொடங்கினாள்.

காணொளி, சுஸ்த் நகருக்கு அப்பால் மலையடிவாரத்திலுள்ள கராசாய் என்னும் சிற்றூரைப் பற்றியது. பழுத்துத் தொங்கும் சீமைமாதுளை மரங்களையும், பாறைகளுக்கிடையே இறங்கிவரும் ஓடையையும் படமெடுக்க அவளும் இல்யோஸும் இரண்டு நாள் அலைந்திருந்தார்கள். மரத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஓடையைப் பற்றியும் எழுதவில்லை. எல்லோரும் எழுதியது நான்காம் நிமிடத்தைப் பற்றி. அவர்களை விருந்துக்கு அழைத்த வீட்டில், தரையில் விரித்த துணியின்மேல் இரண்டு ரொட்டிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, பூமுத்திரை குத்திய முகம் துணியில் பதிய, முதுகைக் காட்டிக் கவிழ்ந்து கிடந்தது.

ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது அந்நாட்டில் அதற்குச் செய்யும் பெரும் அவமதிப்பு; குடித்துவிட்டு வீடு திரும்புபவன்கூடத் தன் வீட்டில் ரொட்டி அப்படிக் கிடக்கக் கண்டால் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் விழுவான். ஆகவே நாடு முழுதும் கொதித்ததில் வியப்பில்லை. “மலையைக் காட்டினே, ஆத்தைக் காட்டினே, ரொட்டியோட முதுகை எதுக்கும்மா காட்டினே?” என்று ஒருவர் கேட்டிருந்தார். “அந்த வீட்ல செத்தவங்களுக்கு ரொட்டி வைக்கிற வழக்கமோ?” என்றார் மற்றொருவர். ஆனால் பெரும்பாலோர் ஏசியது ஓய்தினை அன்று. ரொட்டி திரையில் தோன்றும் கணத்தில், பவள வளையல் அணிந்த ஒரு கை துணியிலிருந்து விலகுகிறது. அது அவ்வீட்டு மருமகளின் கை. “இந்த மருமகள் தாய் இல்லாம வளந்தவளா?” என்று அந்திஜானிலிருந்து ஒரு பெண் எழுதியதை ஒன்பதாயிரம் பேர் விரும்பியிருந்தார்கள்.

இல்யோஸ் அவளுடைய அத்தை மகன். படமெடுப்பவனும் வெட்டி ஒட்டுபவனும் அவனே. சூடான சம்சாப் பலகாரப் பொட்டலத்தோடு வந்தவன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேசத் தொடங்கினான்.

“பாத்தியா அக்கா? தாஷ்கந்த் கம்பெனி காலையிலேயே செய்தி அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷமா நாம வாசல்ல நின்னோம், இன்னிக்கு அவங்களே கதவைத் திறக்கறாங்க.”

அந்தச் சுற்றுலா நிறுவனம், அடுத்த வசந்தகாலப் பயணங்களுக்கு ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை; பார்த்தவர்களில் எத்தனை பேர் நின்று பேசுகிறார்கள் என்பதே அவர்களுக்கு வேண்டும். ஓய்தினுக்கும் அந்த வேலை வேண்டும். சொந்த வட்டாரத்தைத் தாண்டாத பயணியாக இன்னும் எத்தனை நாள் இருப்பது என்னும் கேள்வி, சென்ற குளிர்காலம் முதலே அவளை அரித்துக்கொண்டிருந்தது.

“திட்டறாங்கடா,” என்றாள்.

“திட்டறவன்தான் திரும்பி வருவான். பூப் போடறவன் போட்டுட்டுப் போயிடுவான். அடுத்த ஊர்ல கிண்ணத்துல விளிம்பு வரைக்கும் டீயை ஊத்தச் சொல்லு. விருந்தாளியை எழுந்து போன்னு சொல்றியான்னு நாடே சண்டைக்கு வரும்.”

“உன்னை வளத்ததுக்கு அத்தையைத்தான் கேக்கணும்.”

“கேளு. அதையும் படம் பிடிக்கறேன்.”

அவள் சிரித்தாள். ஆயினும் அவள் மனம் வேறொன்றில் சிக்கியிருந்தது. அந்த விரிப்பின் முன் அவளும் அமர்ந்திருந்தாள். நெடுஞ்சாலைக் கடைகளில் அடுக்கிக் கிடக்கும் ரொட்டிகளில் ஒன்று கவிழ்ந்திருந்தாலும் அவள் கை தானாக நீளும். அப்படியிருக்க, முழங்காலுக்கு அருகே கிடந்ததை அவள் ஏன் காணவில்லை? அவள்மட்டுமா? மாமியார், மருமகள், கல்யாணத்துக்குப் பேசியிருந்த மகள், எட்டிப்பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று அறை நிறைய ஆள் இருந்தார்களே. யார் கவிழ்த்தார்கள், எப்போது? குற்றம் சாட்டுவதற்காக அன்று. பூட்டிய வீட்டுக்குள் பறவை எப்படி நுழைந்தது என்று அறிய விரும்புவதைப் போல, அவள் அதை அறிய விரும்பினாள்.

மறுநாள் நண்பகலில் அந்த மருமகளே தொலைபேசியில் அழைத்தாள். பெயர் ஹுல்கார், கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. மிகத் தாழ்ந்த குரலில் பேசினாள். பின்னணியில் மாடு ஒன்று மூச்சுவிடும் ஓசை கேட்டது.

“தொழுவத்துலேர்ந்து பேசறேன் அக்கா. அம்மா ஒண்ணும் சொல்லல, மாமியாரைத்தான் சொல்றேன். கத்தியிருந்தாக்கூடப் பரவால்ல. நேத்துலேர்ந்து ரொட்டியை அவங்களே எடுத்து வைக்கறாங்க. என்னைத் தொட விடறதில்ல.”

“அவங்க வீடியோவைப் பாத்தாங்களா?”

“அவங்ககிட்ட ஏது அந்த மாதிரி போன்? தெருவே வந்து சொல்லுச்சு.” குரலை இன்னும் தாழ்த்தினாள். “ஞாயித்துக்கிழமை நாத்தனாருக்கு ரொட்டி பிட்டு நிச்சயம் பண்றாங்க. நமங்கான்லேர்ந்து மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க வராங்க. அவங்களும் பாத்துட்டாங்களாம். அதனால வெள்ளிக்கிழமை என்னை எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரச் சொல்றாங்க.”

‘போயிட்டு வா’ என்பதில் ‘வா’ எப்போது என்று சொல்லப்படவில்லை என்பது இருவருக்கும் புரிந்தது. அப்படிப் போனவர்களில் திரும்ப அழைக்கப்படாதவர்களை இருவரும் அறிவார்கள்.

“அக்கா, நான்தான் வச்சேனா? எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

அன்று பிற்பகல் முழுதும் ஓய்தினும் இல்யோஸும் வெட்டப்படாத பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். ஹுல்கார் இரண்டு ரொட்டிகளையும் இரு கையாலும் ஏந்தி வந்து, முகம் மேலே இருக்க, ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து வைத்தாள், ஐயத்துக்கே இடமில்லை. பிறகு எழுந்து போய்ச் சீமைமாதுளைப் பாகுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பவள வளையல் விலகியது அந்தக் கிண்ணத்திலிருந்துதான்; இல்யோஸின் வெட்டு, அதை ரொட்டியிலிருந்து விலகியதாக்கிவிட்டது. இரண்டுக்கும் இடையில், வெளியிட்ட காணொளியில் இடம்பெறாத ஒரு துண்டு இருந்தது. ஓய்தின், ஹுல்காரின் மாமியார் சலோமத்திடம், எத்தனை காலமாக ரொட்டி சுடுகிறீர்கள் என்று கேட்கிறாள். சலோமத் நிமிர்ந்து உட்கார்ந்து விடை சொல்கிறாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வலக்கை, மேலிருந்த ரொட்டியைத் தொட்டு, ஓரத்தில் உள்ளங்கையளவு கருகியிருந்ததை விரலால் தடவி, மெதுவாக, ஒரு குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல் கவிழ்த்து வைக்கிறது.

அறையிலிருந்த ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஏனென்றால் அத்தனை பேரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்தின் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். ரொட்டியை மறந்து வரிசையாக ஒரே திசையில் திரும்பியிருந்த முகங்களில் தன் முகமும் இருந்தது.

“முடிஞ்சுது,” என்றான் இல்யோஸ், நாற்காலியில் சாய்ந்து. “‘ரொட்டியைக் கவிழ்த்தது யார்’னு தலைப்பு வைக்கறேன். அந்தப் பொண்ணு பேரும் காப்பாத்தப்படும், நமக்கும் நல்லது. நல்ல காரியம் பண்ணி லாபமும் வரதுன்னா அது என்ன பாவமா?”

அவன் சொன்னதில் தவறு எது என்று அவளால் உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. மாலைக்குள் அவன் அந்தத் துண்டை ஒழுங்குபடுத்தி அவளது கைப்பேசிக்கு அனுப்பிவிட்டான். பொத்தானை அழுத்துவது மட்டுமே மிச்சம். அவள் அழுத்தவில்லை, மறுக்கவுமில்லை. புதன்கிழமை காலை, “கராசாய்க்குப் போகலாம், வண்டியை எடு,” என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சலோமத் வீட்டில் இல்லை. நிச்சயத்துக்குப் பாத்திரம் இரவல் வாங்கத் தெருவுக்குள் போயிருந்தாள். இல்யோஸ் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். முற்றத்தில், உலரப் போட்ட மிளகாய்களுக்கு அருகே கட்டிலில் அமர்ந்து, ஓய்தின் கைப்பேசியை நீட்டினாள். ஹுல்கார் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். முதலில் அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்த ஓய்தின், அது சிரிப்பு என்று சற்றுப் பின்னரே அறிந்தாள். பின்பு சிரிப்பு நின்றது.

“இதை யார் யாருக்குக் காட்டினீங்க?”

ஓய்தின் விடை சொல்வதற்குள் வாசற்கதவு திறந்தது. சலோமத் இடுப்பில் ஒரு பெரிய கொப்பரையோடு வந்து நின்றாள்.

“என்ன, ரெண்டு பேரும் போனுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருக்கீங்க?”

“ஒண்ணுமில்லம்மா, பழைய படம்,” என்றாள் ஹுல்கார்.

“பழசுன்னா எனக்குத்தான் நல்லாப் புரியும். காட்டு.”

கொப்பரையை இறக்கி வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கைப்பேசியைக் கையளவு தூரத்தில் பிடித்தாள். அவளுடைய குரலே அதிலிருந்து எழுந்தது: “முப்பத்தொம்போது வருஷமா இந்த அடுப்புலதான் சுடறேன். ஒரு ரொட்டி நெருப்புல விழுந்ததில்ல, ஒரு ரொட்டி கருகினதில்ல.” ‘கருகினதில்ல’ என்னும் சொல் முடியும்போது திரையில் கை ரொட்டியைப் புரட்டியது. இன்னொரு முறை ஓட்டிக் காட்டும்படி அவள் கேட்கவில்லை. அவளுக்கு இது முன்பே தெரியுமா, இப்போதுதான் தெரிந்ததா என்று ஓய்தின் அந்த முகத்தை ஆராய்ந்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

“வாய் நல்லாத்தான் பேசுது,” என்றாள் சலோமத். “கை வேற வேலை பாக்குது.”

கைப்பேசியை ஓய்தினிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“இதைப் போட்டா என்ன ஆகும்மா?”

“முன்னதைவிட நிறையப் பேர் பாப்பாங்க, பெரியம்மா. இவளைச் சொன்னதையெல்லாம் உங்களைச் சொல்லுவாங்க.”

“இவளை என்ன சொன்னாங்க? எனக்கு யாரும் முழுசாச் சொல்லல. படி.”

ஓய்தின் தயங்கினாள். சலோமத் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆகவே அவள் படித்தாள். சோம்பேறி என்றவற்றையும், துப்பில்லாதவள் என்றவற்றையும், இவளைத் திருப்பி அனுப்புங்கள் என்றவற்றையும், ஒன்றன்பின் ஒன்றாக, குரலை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் படித்தாள். ஹுல்கார் மிளகாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேரைத் தன் பார்வையாளர்கள் என்று நான்கு ஆண்டு எண்ணி மகிழ்ந்தோமே, ஒருவர் முகமாவது நமக்குத் தெரியுமா என்று ஓய்தினுக்குத் தோன்றியது. அந்தச் சொற்கள் யாருக்காக எழுதப்பட்டனவோ அவள் முன்னும், யாருக்கு உரியனவோ அவள் முன்னும் வாய்விட்டுப் படிக்கையில், அவை கைப்பேசியில் இருந்ததைவிட மிகச் சிறியனவாகவும் மிகக் கூரியனவாகவும் இருந்தன.

“அந்தத் தாய் இல்லாம வளந்தவளாங்கறதை இன்னொரு தரம் படி.”

படித்தாள்.

“என்னைப் பெத்தவ இதைக் கேட்டிருந்தா எழுதினவ வீடு தேடிப் போயிருப்பா,” என்றாள் சலோமத். கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். “போட்டுடு. திட்டறது திட்டட்டும். கருகினதை மறைச்சது நான்தானே.”

“வேணாம்,” என்றாள் ஹுல்கார்.

மாமியார் திரும்பிப் பார்த்தாள். ஏழு மாதத்தில் அந்த மருமகள் அந்தச் சொல்லை அந்த வீட்டில் சொன்னது அதுவே முதல்முறையாக இருக்கலாம்.

“அவங்க உங்களைத் திட்டிட்டு நாளைக்கு வேற வீட்டுக்குப் போயிடுவாங்கம்மா. நான் இங்கதானே இருக்கணும்.”

சலோமத் எழுந்தாள். பிறகு கொப்பரையைக் காட்டி, “அந்தப் பக்கத்துக் காதைப் பிடி, கனம்,” என்றாள். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனார்கள். உள்ளே பேச்சொலி கேட்டது. சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. ஓய்தின் முற்றத்தில் தனியே அமர்ந்திருந்தாள். அவர்கள் திரும்பி வந்தபோது சொல்ல வேண்டியவை எல்லாம் ஒழுங்காயிருந்தன.

முடிவானவை வருமாறு. ஹுல்கார் வெள்ளிக்கிழமை தாய்வீட்டுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விரிப்பை விரிப்பதும் ரொட்டியை எடுத்து வைப்பதும் அவளே. நமங்கானிலிருந்து வரும் மாப்பிள்ளையின் தாயிடம், ரொட்டியைப் பிடுவதற்கு முன், நடந்ததைச் சலோமத் தன் வாயால் சொல்வாள். தெருவுக்குச் சொல்வதா இல்லையா என்பது அவள் விருப்பம். இல்யோஸ் ஒழுங்குபடுத்திய துண்டு அந்த முற்றத்திலேயே கைப்பேசியிலிருந்து நீக்கப்பட்டது. கராசாய்க் காணொளி, அதன் கீழுள்ள கருத்துகள் அனைத்தோடும், அன்று மாலைக்குள் எடுக்கப்படும். அவர்கள் கண்ட எண்ணிக்கை இனி இல்லை என்று தாஷ்கந்த் நிறுவனத்துக்கு ஓய்தின் தானே எழுதுவாள். அதன்பின் அவளை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் பாடு. இதைக் கேட்ட இல்யோஸ் வண்டியைக் கிளப்பினான். காணொளி எங்கே என்று நாளை கேட்கப்போகிறவர்களுக்கு என்ன விடை சொல்வது என்பதுமட்டும் அன்று முடிவாகவில்லை.